விஜயதசமியன்று ஓடாத லேத்து

காலையில் தொலைக்காட்சியில் சிங்கப்பூர், ஹாங்காங் பங்குச் சந்தைகள் எப்படித் தொடங்கின என்று ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நம் ஊர்ச் சந்தை திறக்கும் முன் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஒலியைக் குறைத்துவிட்டுப் பரணிலிருந்து பழைய அலுவலகக் கோப்பு ஒன்றை இறக்கினேன்.

அந்த நாட்களில் வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் ஆவடியில் நான் ஏறுவேன், திருமுல்லைவாயிலில் நீ. நாம் இறங்கும் பட்டரவாக்கம் வருவதற்குள் செய்தித்தாளை விரித்து உனக்கு விளக்குவேன். லண்டனைப் போல இனி சிங்கப்பூரும் உலகப் பணத்தை ஆட்டிவைக்கும். நம் தொழிற்சாலையின் பம்பு உதிரிகளை வாங்கும் பாங்காக் கம்பெனிக்குக் கடன் தருவதே சிங்கப்பூர் வங்கிதான் என்பேன்.

“இன்னா சாரே, அங்க ஒருத்தன் குந்திகினு கையெழுத்துப் போடலன்னா என் லேத்து நின்னுடுமா?”

“நின்னுடும்ப்பா.”

“அப்ப அவனாண்ட சொல்லிவை. முல்லவாயில்ல ஒருத்தன் ரெண்டு பொண்ணப் பெத்து வச்சிகினு கீறான்னு.”

பெட்டியே சிரித்தது.

பாங்காக்கில் பண மதிப்பு சரிந்த 1997ஆம் ஆண்டு, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, சிங்கப்பூர் போயிருந்த முதலாளியிடமிருந்து அலுவலக எழுத்தரான என் கைக்கு ஃபேக்ஸ் வந்தது. வங்கி கைவிரித்துவிட்டது; ஆர்டர்கள் போயின; பூஜை விடுமுறையில் தொழிலாளிகளுக்குத் தெரியாமல் இயந்திரங்களை ஏற்றி அனுப்பிவிடுங்கள். ஃபேக்ஸ் தாள் வெளுத்துவிடும் என்பதால் வழக்கம்போல் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் கோப்பில் வைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை. பூஜையன்று நீ இரும்பு கடையும் உன் லேத்துக்குச் சாமந்தி மாலை போட்டாய். என் நெற்றியிலும் சந்தனம் வைத்தாய்.

மறுநாள் லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுத மேலாளர் என்னை வரச் சொன்னார். விஜயதசமியன்று ஒரு நிமிடமாவது லேத்தை ஓட்டிவிட்டுப் போவது உன் வழக்கம். அது எனக்குத் தெரியும். மூன்றாவது பாஸ் எழுதும்போது உன் குரல் கேட்டது.

“மாலகூட வாடல. எங்கடா தூக்கிகினு போறீங்க?”

அலுவலக வாசலுக்கு வந்தேன். நீ லாரியின் முன்னால் நின்றிருந்தாய். கூலிக்கு வந்த அடியாட்கள் நான்கு பேர் அதிலிருந்து குதித்து இறங்கினார்கள். முதல் அடி முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ விழவில்லை. ஒருவன் கழுத்தைப் பிடித்து லாரிக் கதவில் மோதினாய். அவன் பற்கள் தெறித்தன. பிறகு மூன்று இரும்புத் தடிகள் உன்மேல் இறங்கின. விலாவில், தரையில் ஊன்றிய கையில், தலையில், மறுபடியும் தலையில். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. மற்றொன்றால் என்னைப் பார்த்தாய்.

“சாரே, நீ உள்ள போ. உன்னயும் அடிப்பானுங்க.”

நான் உள்ளே போனேன்.

லாரி உன் காலை விலகிப் போகவில்லை; அதன்மேல் ஏறித்தான் போனது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் நீ இறந்தாய். போலீஸ் விசாரணையில், உள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன்.

அந்த ஃபேக்ஸ் இன்று வெறும் வெள்ளைத் தாள். நகலில் தேதி உட்பட ஓர் எழுத்தும் மங்கவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உன் மூத்த மகள் இன்னும் திருமுல்லைவாயிலில் அதே தெருவில்தான் இருக்கிறாள். இதை அவளிடம் கொடுக்க இரண்டு முறை தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.