பருத்தி நாடாவில் பிழைத்த கடற்புல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முனீஸ்வரி எழுதுகிறேன். திருப்பூரில் நான் சுகம். கடலில் முங்கி முங்கி உனக்கு வந்த காதுவலி தேவலையா?

நீ அனுப்பிய வீடியோவைப் பனியன் கம்பெனியில் என் செக்கிங் டேபிளில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். கடல் சூடேறிக் கடற்புல் கருகிப்போன இடத்தில், நீயும் ஊர்ப் பெண்களும் முங்கி நட்ட புல் வேர்பிடித்து, ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக மேய்கின்றனவே! ஜெயித்துவிட்டோம் அம்மா!

போன வருடம் புல் நாற்றை மூங்கில் சட்டத்தில் கட்டி இறக்க நான் அனுப்பிய பனியன் துணி நாடாவில் பாலியஸ்டர் கலந்திருந்தது என் தப்புதான். மக்காமல் கிடந்து புல்லை இறுக்கியே கொன்றுவிட்டது. அதனால்தான் இரண்டாம் முறை ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். உருகினால் பாலியஸ்டர், சாம்பலானால் பருத்தி. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, கம்பெனியவே கொளுத்தப் போறீங்களா?" என்று பதறினார். வீடியோவைப் பார்த்தபின் அவரே ஒரு மூட்டை பருத்தி வேஸ்ட்டைத் தூக்கி வந்து, "மீனுக்குத்தானுங்க, அனுப்புங்க" என்கிறார்.

அந்த மூட்டைக்குள்தான் இந்தக் கடிதம். காலிச் சாக்கில் கொஞ்சம் கருவாடு போட்டு அனுப்பு. பெல் அடித்துவிட்டது. இனி வீடியோ எடுத்தால் மீனை மட்டும் எடுக்காதே, உன் முகத்தையும் கொஞ்சம் காட்டு.

உன் மகள்,
முனீஸ்வரி