மாற்று சிலிண்டருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

இல்லை, முடிச்சு இறுகியிருக்கவில்லை. அன்று நீ கேட்டாய். இறுகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். அதன்பின் நீ கேட்கவேயில்லை.

உன் தம்பி அனுப்பிய பார்சல் போன வாரம் வந்தது. பிரித்ததும் ரப்பர் வாசனை. கூடவே முகப்பவுடர். ரப்பர் சட்டைக்குள் கை நுழைவதற்காக நீ கொட்டிக்கொள்வாயே, அது. உள்ளே உன் குறிப்பேடு. முதல் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்: "மாற்று சிலிண்டரை முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. கொக்கி மட்டும்." அடியில் இரண்டு கோடு.

உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசி. உன் ஆய்வுக்குக் குவாரித் தண்ணீரின் அடிச்சேறு வேண்டும், அதில் வாழும் நத்தைகள் வேண்டும். முக்குளிக்கும் சாமான்கள் இரண்டு செட், தூத்துக்குடியில் இரவல் வாங்கியவை. ஒன்று உனக்கு. இன்னொன்று ஆபத்துக்கு. எனக்கு நீந்தத் தெரியும், முக்குளிக்கத் தெரியாது. உன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை.

ஆலங்குளம் பக்கத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. காற்றடைத்த சிலிண்டர்களைப் பஸ்ஸில்தான் கொண்டுபோனோம்.

"ரெண்டு கேஸ் சிலிண்டர். எந்த ஊர்ல தாயி கல்யாணம்?" என்றார் கண்டக்டர்.

"குவாரிக்குள்ள அண்ணாச்சி. மாப்பிள்ளை தவளை" என்றாய்.

முதல் வாரமே, மூழ்குவதற்காக இடுப்புப் பட்டையில் கோக்கும் ஈயக்கட்டிகள் காணாமல் போயின. வலைக்குக் கட்ட யாரோ எடுத்திருப்பார்கள். சாமான்கள் தொலைந்தால் உன் ஆய்வு நின்றுவிடும். மாற்று சிலிண்டரை நான் உட்காரும் இடத்தில் வைக்க முடியாது. தண்ணீரோரம் ஒரு ஆள் குந்தும் அகலம்தான் பாறை. மேல்தட்டில், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், இரும்பு முளையில் கட்டி வைத்தோம்.

எலுமிச்சம்பழம் என் யோசனை. அறுத்துக் குங்குமம் தடவி, மஞ்சள் துணி சுற்றி, சிலிண்டரின் காலடியில் வைத்தேன். கழிப்பு கழித்துப் போட்டதை இந்தப் பக்கத்தில் எவரும் தாண்டக்கூட மாட்டார்கள். கழித்த தோஷம் தொட்டவனுக்கு வந்துவிடும்.

"யாரும் தொடாட்டி பத்திரமாயிருமாக்கும்?" என்றாய்.

"ஆயிரும். பாரேன்."

ஆயிற்று. மூன்று வாரம் ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை. மேல்தட்டில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி, தன் ஆடுகள் அந்தப் பக்கம் போனால் கல்லெறிந்து திருப்பினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கொஞ்சம் கர்வமும். பல்கலைக்கழகத்தில் படித்தவள் அல்லவா.

பழம் வைத்த நான்காவது வாரம். கயிறு மூன்று முறை இழுபட்டது. மூன்று என்றால் மாற்றுக் காற்று வேண்டும்.

மூழ்கிக் கிடந்த கருவேல மரத்தில் உன் முதுகுப் பட்டை மாட்டிக்கொண்டதைப் பிறகு சொன்னாய். கழற்றிப் போட்டுவிட்டு மேலே வந்திருக்கலாம். உனக்கு அது தோன்றவில்லை. இரவல் சாமான்.

கயிற்றை விடக் கூடாது என்பது நமது முதல் சட்டம். மேலே பார்த்துக் கத்தினேன்.

"அண்ணாச்சி! அந்தச் சிலிண்டர அவுத்துக் கொண்டாங்க! சீக்கிரம்!"

பாறை விளிம்பில் அவர் தலை தெரிந்தது. "எது, பழம் வச்சிருக்கே அதையா? ஆத்தாடி. நான் பிள்ளகுட்டிக்காரன் தாயி."

"அத வச்சதே நாங்கதான்!"

"அதத்தான் நானுஞ் சொல்லுதேன். வச்சவியதான் எடுக்கணும்."

"சும்மா வச்சது அண்ணாச்சி! திருடு போகாம இருக்க. பொய்யி!"

"குங்குமத்துல என்ன தாயி பொய்யி?"

மறுபடி மூன்று இழுப்பு. முன்னைவிட வேகமாக.

அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றும் தெரியாது. அந்த நேரம் முழுக்க நீ கீழே இருந்தாய். கடைசியில்தான் புத்தி வந்தது. "அப்ப இந்தக் கயித்தயாவது வந்து பிடிங்க."

உடனே இறங்கி ஓடிவந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனிதர் உதவ மறுக்கவேயில்லை. நான் வைத்ததைத்தான் தொட மறுத்தார். ஏறினேன். பழத்தை உதைத்தேன். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. சிலிண்டரைச் சுமந்து வந்து, அதன் வளையத்தை உன் கயிற்றில் மாட்டி உன்னிடம் இறக்கினேன். கயிறு அசைந்தது. ஒரு இழுப்பு. கிடைத்துவிட்டது.

"ஆடு சோளத்துல எறங்கிருக்கும் தாயி" என்று அவர் மேலே ஓடிவிட்டார்.

நீ வெளியே வந்தபோது உதடு நீலம். பாறையில் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கினாய்.

"எம்புட்டு நேரம்டி?"

"முடிச்சு இறுகிருச்சு."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். நீ அடுத்த வாரமே கொல்லனிடம் போய்க் கொக்கி அடித்து வந்தாய். வேலைக்குப் போனபின் உன்னோடு முக்குளித்த எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாய். சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று முறை வாயெடுத்திருக்கிறேன். கொக்கி நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். பத்து வருடம் என்னிடம் இருந்தது அந்த வாக்கியம். இனியும் இருக்கும்.

உன் வேலையை இப்போது செய்கிற நான்கு பேர் சனிக்கிழமைகளில் அதே குவாரிக்கு வருகிறார்கள் என்று உன் தம்பி எழுதியிருந்தான். நேற்று ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். இரண்டு பேர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார்கள். கரையில் ஒரு பெண் கயிற்றோடு.

"மாற்று சிலிண்டர் எங்கம்மா?"

"ஜீப்புல மேடம். கொக்கிலதான் மாட்டிருக்கு." பெருமையாகச் சொன்னாள். "திருட்டு பயம். அதான் கதவப் பூட்டிட்டோம்."

"சாவி?"

"டிரைவர்ட்ட. டீ குடிக்கப் போயிருக்காரு."

உனக்குச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அங்கேயே, நின்றபடியே. பழம், குங்குமம், ஆட்டுக்காரர், நான் வாதாடிய நேரம், எல்லாம். அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஒரு முறை இழுத்தாள். இவர்களுக்கு அது மேலே வரச்சொல்லும் சைகையாம்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.