பாத்ரூமுக்குள் மட்டும்

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் தோசை வார்த்துப் போட்டேன். "இது கக்கா தோசை" என்றான் ஸ்ரேயாஸ். தொட்டுக்கொள்ள வைத்தது மூச்சா சட்னி. அச்சுதனுக்குச் சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. அவ்வளவுதான், அப்புறம் வீட்டில் ஒரு பொருள் மிச்சமில்லை. கக்கா ஃபேன், கக்கா செருப்பு, கக்கா அப்பா.

"நீ சிரிக்காம இரேன்" என்றேன்.

"எனக்கே நாலு வயசு மாதிரி இருக்கு, என்ன பண்ணச் சொல்றே?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நாவலூர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பூஜை அறையில் பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தவர் குரலைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. இந்த வருஷம் பேரனைச் சொம்பு எடுக்க அழைத்துப் போக வேண்டும் என்று மாமனார் ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தானே பித்தளைச் சொம்பைத் துலக்கி நாமம் இட்டு, துளசி கட்டி வைத்தார். ஸ்ரேயாஸுக்கும் குட்டி வேட்டி, நெற்றியில் நாமம். அவ்வளவு அழகாக இருந்தான். நானும் பின்னால் போனேன்.

ஒவ்வொரு வாசலிலும் 'கோவிந்தா' சொல்ல வேண்டும், அரிசி கேட்க வேண்டும். முதல் இரண்டு வீட்டில் ஒழுங்காகக் கேட்டான். எதிர்வீட்டுத் தெய்வநாயகி அக்கா படியில் அரிசியோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி, கக்கா போடுங்கோ."

"இன்னா கேட்ட கண்ணு? இன்னொரு தபா சொல்லு" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் சொல்லாமல் இருப்பானா? அடுத்த வீட்டிலும் அதையே கேட்டான். மாமனார் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான், "அதெல்லாம் பெருமாள் காதுல விழும்டா. இனிமே உன்னை அழைச்சிண்டு போமாட்டேன்" என்றார்.

அந்த அரிசியைச் சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை போடவில்லை. கொல்லையில் குருவிகளுக்கு இறைத்தார். ஸ்ரேயாஸ் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாமம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அடிக்கக் கூடாது, மிளகாய் தேய்ப்பேன் என்று மிரட்டக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அலமாரியில் இருந்த குழந்தை வளர்ப்புப் புத்தகங்களை எல்லாம் இறக்கிவிட்டேன். ஒன்றில் நல்ல யோசனை ஒன்று கிடைத்தது: அந்தச் சொற்களுக்கு ஓர் இடம் கொடுத்துவிடுங்கள்.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அந்த வார்த்தையெல்லாம் பாத்ரூமுக்குள்ள போய் எவ்வளவு வேணா சொல்லிக்கோ. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். ஆனா வெளியில வந்தா கூடாது. ஹால்ல, தெருவுல, ஸ்கூல்ல, எங்கயும். சரியா?"

உடனே எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே ஒரே கூச்சல். வெளியே வந்தபோது திருவிழா பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி முகம்.

செப்டம்பர் 24, புதன்

வீட்டில் அந்தச் சொல்லே இல்லை. பாத்ரூமிலிருந்து மட்டும் அவ்வப்போது "கக்கா, கக்கா" என்று கேட்கிறது. அடுக்களையில் நானும் அச்சுதனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். சட்டம் இயற்றிய பெருமை.

செப்டம்பர் 27, சனி

இரண்டாவது சனி. மாமனார் தனியாகவே சொம்போடு போனார். ஸ்ரேயாஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லை, அழவும் இல்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கல்லூரி வேலை முடிந்து வரும் வழியில், செங்கல்பட்டு பஸ்ஸில் இருக்கும்போதே பள்ளியிலிருந்து போன். வயிற்றை வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறானாம்.

போனதும் வேண்டா என்கிற ஆயா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, உன் புள்ள தண்ணி குடுத்தாலும் வேணான்னுது. பாத்ரூம் வர்றியாடான்னா தலய ஆட்டுது. கால பின்னிக்கினு ஒரு மூலயில நிக்கிது. போன வாரத்துலேந்து இப்டிதான் கீது."

போன வாரத்திலிருந்து. நான் எங்கே இருந்தேன்?

வீட்டில் இவன் கடைசியாக எப்போது போனான் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. அச்சுதனுக்கும் தெரியவில்லை. அவன் கழுவிவிட்டிருப்பான் என்று நான், நான் செய்திருப்பேன் என்று அவன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறதாம். "வேணும்னே அடக்கறான். அடக்கினா இறுகும், இறுகினா வலிக்கும், வலிச்சா இன்னும் அடக்குவான். மருந்து தரேன், இளகும். ஆனா எதுக்கு அடக்கறான்னு நீங்கதான் பார்க்கணும்."

எதற்கு? எதற்கு?

மருந்து குடித்துவிட்டு மாலையில் போனான். ஒரே அலறல். நான் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். இனி இதைச் செய்யவே மாட்டேன் என்று அழுதான்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று எழுதக் கூடாத நாள். சரஸ்வதி பூஜை. வீட்டுப் புத்தகமெல்லாம் மணைமேல் பட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, இந்த நோட்டும் சேர்ந்து. படிக்க ஒன்றும் இல்லாத ஒரு நாள். வேறு வழியில்லாமல், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தேன்.

சந்தனப் பொட்டு வைத்த பொம்மை பஸ்ஸை உருட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு சோபாவின் பக்கம் போய் நின்றான்.

"கக்கா வரதா கண்ணா?"

பூஜை அறைப் பக்கம் ஒரு பார்வை. இல்லை என்று தலையை ஆட்டினான்.

"ஸ்கூல்ல வந்தா யார்கிட்ட சொல்லுவே?"

"சொல்லமாட்டேன். அது க்ளாஸ்."

"இங்க?"

"இது ஹாலு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"பாத்ரூமுக்குப் போய்தான் சொன்னேன். நிறைய தடவ சொன்னேன். நிஜாருல கொக்கி கழட்ட வரலை. யாருமே வரலை" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

அவன் கூப்பிட்டிருக்கிறான். நான் அடுக்களையில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கைக்குச் சொல்வதும் அவசரத்துக்குச் சொல்வதும் ஒரே சொல்தானே, அதைப் பூட்டி வைத்தால் இரண்டும்தானே பூட்டிக்கொள்ளும். புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இவனிடம் 'எங்கயும் கூடாது' என்று சொன்னது என் வாய். கேட்டபடி நடந்தான், அவ்வளவுதான்.

இன்று விஜயதசமி. புத்தகங்களை எடுத்த கையோடு மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பெருமாள் காதுல விழும்னு நான் வேற சொன்னேனேம்மா" என்றார். பிறகு அவனைக் கூப்பிட்டுப் பூஜை அறைக்குள் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"வந்தா எங்க வேணா சொல்லு. இங்கயும் சொல்லு. தாத்தா சேவிச்சிண்டு இருந்தாலும் சொல்லு. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்."

"கத்தலாமா?"

"கத்து."

அவன் நம்பவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டுக்குள் ஒப்பந்தம். அவசரம் என்று சொன்னால் யார் எந்த வேலையில் இருந்தாலும் போக வேண்டும். வேடிக்கைக்குச் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அச்சுதனுக்குத்தான் கஷ்டம். கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொள்கிறான். கொக்கி வைத்த நிஜார்களை எல்லாம் கட்டி மேலே போட்டாகிவிட்டது. இனி எலாஸ்டிக்தான்.

அக்டோபர் 4, சனி

மூன்றாவது சனி. மாமனார் தாமாகவே குட்டி வேட்டியை எடுத்து வந்தார்.

தெய்வநாயகி அக்கா சும்மா இருப்பாரா? "இன்னா கண்ணு, அன்னிக்கு வேற இன்னாமோ கேட்டியே?"

ஸ்ரேயாஸ் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தான். வாயில் வந்துவிட்டதை விழுங்க முடியவில்லை. "கக்கா போடுங்கோ" என்றான். மாமனாரின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நானும் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அலுத்துப்போன குரலில், "அரிசி போடுங்கோ" என்றான்.

அந்த அரிசியில்தான் இன்று தளிகை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆயா வேண்டா: "அதுவா வந்து சொல்லல. நாந்தான் இட்டுக்கினு போயி குந்த வெச்சேன். பரவால்ல, அழுவல."

அக்டோபர் 8, புதன்

இன்னும் சொல்லவில்லை. மருந்து இருக்கும்வரை போகிறான், சரி. ஆனால் வாய் திறந்து கேட்கவேண்டுமே. அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது பயம் மட்டும்தானா? தினமும் நேரம் பார்த்து நானே உட்கார வைக்கிறேன். சமர்த்தாக உட்கார்கிறான். அந்தச் சமர்த்துதான் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கருங்குழியில் நாத்தனார் விஷாகாவின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. ஹோமம் முடியவே நேரமாகிவிட்டது. முதல் பந்தியில் பெரியவர்களோடு ஸ்ரேயாஸும் தாத்தாவை ஒட்டி உட்கார்ந்தான். எதிர் வரிசையில் நான். சாம்பார் முடிந்து சாத்தமுது வந்துகொண்டிருந்தது.

"தாத்தா, எனக்குக் கக்கா வரது."

கத்தலாம் என்று சொல்லியிருந்தோம் அல்லவா. கூடம் முழுக்கக் கேட்டது. பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். யாரோ "ராம ராம" என்றார்கள். நான் எழப்போனேன். அதற்குள் மாமனார் எழுந்துவிட்டார்.

அந்தப் பந்தியில் அவர்தான் மூத்தவர். அவர் எழாமல் மற்றவர்கள் எழக்கூடாது. எழுந்துவிட்டால் அந்த இலையில் திரும்ப உட்காரவும் மாட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இலையிலிருந்து பாதியில் எழுந்து நான் பார்த்ததில்லை.

"கஸ்தூரி, திருக்கண்ணமுது வரலையே இன்னும்" என்று பாயசத்தைச் சொல்லிச் சம்பந்தியைத் தடுத்தார் விஷாகாவின் மாமனார் ராமானுஜம்.

"நீங்கள்ளாம் சாப்பிடுங்கோ ஓய். குழந்தைக்கு அவசரம்."

சாத்தமுது சொட்டும் வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, இடது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். ஓட்டம் என்றே சொல்லவேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரக்காலோடு வந்தவன் நேராக என் இலைமுன் நின்று, "வலிக்கவே இல்லைம்மா" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

செங்கல்பட்டில் பஸ் மாறும்போது மாமனாருக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஓரமாக நின்று இரண்டையும் சாப்பிட்டார்.

"ரொம்பப் பசிக்கறதாப்பா?"

"பசிக்காம? பாதி இலையில எழுந்திருக்கேன்" என்றார். தூங்கிவிட்டவனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மாமல்லபுரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.