பன்னிரண்டு அல்ல, ஏழு

என் மகன் ஜவாதுக்கு, காசாபிளாங்காவிலிருந்து உன் தாய் யம்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய், நானும் இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு தூரியா துக்கம் விசாரிக்க வந்தாள், விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கிறாளே, அவள்தான். மாண்ட்ரியலிலிருந்து பன்னிரண்டு மணி நேரப் பயணம், அப்பாவின் அடக்கத்துக்குப் பிள்ளை எப்படி வந்து சேர்வான் என்று உனக்காக அவளிடம் வாதாடினேன். "யாரு சாச்சி சொன்னது? அஞ்சாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஏழே மணி நேரம்" என்றாள். நான் விடவில்லை. இரவு எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்குத்தானே இங்கே இறங்குகிறான் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். திரும்பும்போது மட்டும் மூன்றுக்கு ஏறி ஐந்தரைக்கு இறங்கிவிடுகிறான், காற்று தள்ளிவிடும் போல என்றும் சொன்னேன். "காத்து இல்ல சாச்சி, கடிகாரம். அங்க நம்மளவிட அஞ்சு மணி நேரம் பின்னாடி" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் நாலெழுத்து மட்டுமே படித்தவள், ஐந்தைக் கழித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. நீ எஞ்சினியர். நீ கடைசியாக வந்த அன்றைக்கு டிக்கெட்டைப் பார்த்து, பன்னிரண்டு மணி நேரமா என்று நான் கேட்டபோது "ஆமா யம்மா, அவ்ளோ தூரம்" என்று ஏன் சொன்னாய்? காலை பத்து மணிக்குப் போன் போட்டால் தூங்குகிறாயே என்று எத்தனை தடவை சோம்பேறி என்று திட்டியிருப்பேன், அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல மாட்டாய், ஆறு வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் வராமலிருக்க அந்தப் பன்னிரண்டு உனக்கு வசதியாக இருந்தது. உன் அப்பா கண் மூடும்போது இங்கே மாலை ஏழு. எட்டு மணி விமானத்தை ஒரு மணி நேரத்தில் எப்படிப் பிடிப்பாய் என்று நானே மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கே அப்போது பகல் இரண்டு மணியாம்! அடக்கம் மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகுதான். நம் நாட்டிலேயே இருக்கும் எர்ராஷிதியாவிலிருந்து உன் சின்னம்மா ஹன்னியா வீங்கிய முழங்காலோடு பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தாள். நீ அவளைவிடப் பக்கத்தில் இருந்திருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது ஜவாது.

உன் அப்பா நோயில் படுத்திருந்தபோது உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் யம்னா, பன்னெண்டு மணி நேரம் உக்காந்து வரணும், புள்ளைக்கு இடுப்பு விட்டுப்போகும்" என்றார். சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பொய் சொன்னது நான், எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீ.

நாற்பதாம் நாள் அடுத்த மாதம் பதினான்கு. பள்ளிவாசலுக்கு குஸ்குஸ் சமைத்து அனுப்ப வேண்டும், தட்டைத் தூக்க மகன் வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் என் துஆ உன்னை விட்டு விலகாது, அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். மறந்துவிடாதே, இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேராக அப்பாவின் கபுருக்குப் போ. ஏழு மணி நேரம்தான் என்று அவரிடம் நீயே சொல்.

உன் தாய்
யம்னா