நீ போன பிறகு வந்த புதிய பதிப்பு

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, கடையைத் திறந்து கணினியைப் போட்டேன். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி எழுந்தது. நீ எழுதிய, சேலைக்கரை வரையும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. உன் பாடையைத் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டு விசைத்தறிகள் நான்கும் ஓய்ந்திருக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து நாம் தூக்கி வந்த கணினிகள் தரை முழுக்கப் பிரிந்து கிடக்கும். ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததை இன்னொன்றில் மாட்டி, லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி, திரை வெளிச்சமானதும் “ஓடிட்டுலே!” என்று என் முதுகில் ஓங்கி அடிப்பாய். கட்டத்தாளில் கரை வரைந்து வரைந்து உன் மனைவிக்குக் கண் வலி வந்ததால்தான் அந்த மென்பொருளை எழுதவே தொடங்கினாய். நீ நிரல் எழுதினாய். கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் வடிவமைக்கிற நான், மாங்காயும் மயிலும் கட்டங்களில் சரியாக உட்காருகின்றனவா என்று பார்த்துச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டாய்.

“இம்புட்டு நாளா மண்டைய ஒடச்சி எழுதிட்டு, சும்மா தூக்கிக் குடுக்கியேலே?” என்றேன்.

“விக்கணும்னா நீ வில்லு, நான் தடுக்கல. வாங்குதவன் உள்ள பிரிச்சுப் பாக்க வழி இருக்கணும். அம்புட்டுத்தான்.”

நான் அந்த வழியைத்தான் அடைத்தேன். உன் பெயரை எடுத்துவிட்டு என் கடையின் பெயரைப் போட்டேன். இணையத்தில் கிடைத்த ஒரு கருவியை வைத்து, ஒரே கணினியில் மட்டும் ஓடும்படி பூட்டுப் போட்டு, வாசுதேவநல்லூரில் தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குக் காசுக்குக் கொடுத்தேன். அவர் கணினியை மாற்றியதும் அது நின்றுவிட்டது. அந்த நேரம் நான் ஊரில் இல்லை. தறிக்காரர் என்ற பழக்கத்தில் அவர் உன்னிடம் வந்தார். நீ பூட்டைத் திறந்து கொடுத்தாய்.

விஷயம் தெரிந்ததும் உன் வாசலில் நின்று கத்தினேன். “எங்கிட்ட கேக்காம யாருலே உன்னத் தெறக்கச் சொன்னது?” நீ எழுதியதை நீ திறந்ததற்கு! தறிச் சத்தத்தில் முழுதும் கேட்டதோ என்னவோ, நீ உள்ளே போய் அறுந்த இழையை முடிந்தாய். அதன் பிறகு ஐந்து மாதம் நாம் பேசவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாய் என்றுதான் அடுத்த செய்தி வந்தது. உனக்கு வயது நாற்பத்தொன்று.

அதனால்தான் அந்தப் பெட்டியைப் பார்த்து அப்படி ஆடிப்போனேன். யாரோ உன் இணையக் கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து, “யார் நீங்கள்? இதை எழுதியவர் இறந்துவிட்டார்” என்று கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் அசாமிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு நெசவாளரின் மகள். இரண்டு வருடமாக உன்னோடு சேர்ந்து நிரலைத் திருத்தி வருகிறாராம். புதிய பதிப்பு வெளியிடும் அனுமதியை நீயே அவருக்குக் கொடுத்திருக்கிறாய். உன்னிடமிருந்து பதில் வராததை வேலை மும்முரம் என்று நினைத்தாராம். நீ இறந்ததை என் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். கடைசியில் ஒரு வரி: “உங்கள் பெயர் எனக்குத் தெரியும். ஆக்கியோர் பட்டியலில் இருக்கிறது.”

மென்பொருளின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே என் பெயர். அதைச் சேர்த்த தேதி, நான் உன் வாசலில் கத்தியதற்கு மறுநாள்.

மறுநாளேவா? என்னால் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே வாசுதேவநல்லூருக்குப் போனேன். “அண்ணாச்சி, அத எழுதுனது நான் இல்ல” என்றேன்.

அவர் விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தார். “அப்படியா? அந்தத் தம்பி ஒண்ணுஞ் சொல்லலியே. ‘நானும் என் கூட்டாளியும் சேந்து செஞ்சது, பூட்டு எப்படியோ விழுந்துட்டு’ன்னு சொல்லித்தான் தொறந்து தந்தாரு.”

பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். இப்போதும் அந்தக் ‘கூட்டாளி’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். அதற்குத் தகுதியாக ஒன்றுமே நான் செய்ததில்லை. அசாம்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, நாற்பத்திரண்டு வயதில் நிரல் எழுதப் பழகுகிறேன். கரையின் மூலையில் ஒரு கட்டம் விடுபடும் பிழை ஒன்று இருந்தது. நேற்று மதியம் அதைத் திருத்தி ஓட்டிப் பார்த்தேன். மூலை சரியாக வந்து சேர்ந்தது.

“ஏலே, ஓடிட்டுலே!” என்று கத்திவிட்டேன்.

பத்திரிகை அடிக்க வந்திருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.