கல்லுக் கோயிலும் இவருடைய செருப்பும்

யூலை 6, ஆராவ்

மதுஜா சிசிலிக்கு ரிக்கெற் போட்டுவிட்டாள். நானும் என் கணவரும், அவள், அவள் கட்டப்போகிற ரெட்டோ, ரெட்டோவின் அப்பா ஊர்ஸ். அங்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தில் பழைய கல்லுத் தேவாலயம் இருக்கிறதாம். மகள் சுவிஸ்காரனைக் கட்டப்போகிறாள் என்று தெரிந்த நாள் முதல் ஊர்ஸின் பெயரை இவர் வாயால் சொன்னதில்லை. "அந்தப் பெடியன்ரை தேப்பன்" தான்.

"நான் கோயில் பாக்கத்தான் வாறன். சம்பந்தம் கதைக்க வரேல்லை" என்றார்.

பக்கத்துத் தெருத் தேவாலயத்தை எட்டியும் பாராத மனிதர்!

யூலை 14, சிசிலி

வேலை செய்கிற உணவகச் சமையலறையில் இவருடைய சுவிஸ் ஜெர்மனுக்கு எல்லோரும் பயம். ஊர்ஸ் கதை கொடுத்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. தாலிகட்டுக்கு அப்பா வராவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று மதுஜா என்னிடம் அழுதாள். நான் என்ன செய்ய?

யூலை 15

தேவாலயம் நல்ல வடிவு. இரண்டு கோபுரம், தேன் நிறக் கல்லு, கீழே கடல். மதுஜா அதன் வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்க, இவர் படியிலேயே செருப்பைக் கழற்றினார். கோயில் என்றால் கழற்றத்தானே வேண்டும்! அங்கத்தைய சட்டம் என்று நினைத்தாரோ, ஊர்ஸும் குனிந்து புதுச் சப்பாத்தைக் கழற்றினார். அவரைப் பார்த்து ஒரு ஜெர்மன் குடும்பம். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். உள்ளே பாதிரியார் எங்கள் கால்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெளியே வந்தால் இவருடைய செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறது. கழிவு விலையில் வாங்கினது, அதை எவன் தொடுவான்? ஊர்ஸின் சப்பாத்தைக் காணோம்.

வெயிலில் கல்லு தோசைக்கல்லாய்க் கொதித்தது. ஊர்ஸ் கால் மாற்றி மாற்றி நின்றார். இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னைப் பாத்துத்தானே மனுசன் கழட்டினவர்" என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு — நான் எதிர்பார்க்கவே இல்லை — தன் செருப்பை ஊர்ஸின் காலடிக்குத் தள்ளிவிட்டு ஜெர்மனில் கதைத்தார். இதைப் போடுங்கள், நான் நல்லூர்க் கோயில் சுடுமணலில் உருண்டு பிரதட்டை செய்த ஆள், என்று.

ஊர்ஸின் குதிக்கால் செருப்புக்கு வெளியே தொங்கியது. இவர் வெறுங்காலோடு ராசா மாதிரி முன்னால் நடந்தார்.

யூலை 16

ராசாவுக்கு உள்ளங்காலெல்லாம் கொப்பளம். ஊர்ஸ் மருந்துக்கடைக்கு ஓடிக் களிம்பு வாங்கி வந்தார், இவருடைய செருப்போடேயே. பூசினது நான்.

"பிழையான ஆளில்லை" என்றார் இவர், சுவரைப் பார்த்து. யார் என்று நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 10

அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழா. ரெட்டோவோடு ஊர்ஸும் வந்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் கண்டதும் தன் சப்பாத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாவம், சூடு கண்ட பூனை.

இவர் போய்க் கையை நீட்டினார். "இஞ்சை தாங்கோ சம்பந்தி. ஒண்டை இஞ்சையும் மற்றதை அங்காலையும் வைச்சா ஒருத்தனும் எடுக்கமாட்டான்."

தமிழில்தான் சொன்னார். ஊர்ஸுக்கு விளங்கவில்லை. மதுஜா என் கையைக் கிள்ளினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் கேளாதவள் மாதிரி நின்றேன். கேட்டதாகக் காட்டினால் மனிதர் சொன்னதைத் திருப்பி எடுத்துவிடுவார்.

இவர் ஊர்ஸின் சப்பாத்து ஒன்றையும் தன் செருப்பு ஒன்றையும் சோடியாகச் சுவரோரம் வைத்தார். மற்ற இரண்டையும் அப்படியே அந்தப் பக்கம்.