என் சுருதியில் இல்லாத பாட்டு

நவம்பர் 17, ஞாயிறு

ஊரறிந்த எங்கள் ஜாஸ் குழுவின் பாட்டை இன்று வானொலியில் போட்டார்கள். லாசால் பகுதியில் அம்மா வீட்டில் இருந்து கேட்டேன். அறிவிப்பாளர் குழுத்தலைவரின் பெயரைச் சொன்னார், ட்ரம்பெட் வாசித்தவரின் பெயரையும் சொன்னார். பாடிய என் பெயரைச் சொல்லவில்லை. அது பழகிப்போன விஷயம்.

சின்ன வயதில் கோயில் கச்சேரிகளில் பாடும்போது, வயலினையும் மிருதங்கத்தையும் என் சுருதிக்குத்தான் சேர்ப்பார்கள். இந்தக் குழுவில் ஊதுகிறவர்களுக்கு வசதியான சுருதியில் நான் பாடவேண்டும். அது என் குரலுக்கு மிகவும் கீழே. ஒருமுறை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "எல்லோருக்கும் இசைக்குறிப்பைத் திரும்ப எழுதவேண்டும். நீ ஒருத்தி இறங்கினால் போதுமே" என்றார் தலைவர். இறங்கினேன். வருடக்கணக்காக இறங்கித்தான் பாடுகிறேன்.

இன்று பாட்டு முடிந்ததும் அம்மா தலையாட்டினார்.

"ஆரோ ஒரு பிள்ளை நல்லாப் பாடுறாள். குரல்தான் கொஞ்சம் கட்டை. உன்ர பாட்டு எப்ப வரும்?"



"பேந்து வரும், அம்மா. கொஞ்சம் பொறுங்கோ."

நான் அங்கிருந்து வெளிக்கிட்டு வரும்வரை அவர் வானொலியை நிறுத்த விடவில்லை.